2¹²⁷ − 1: ஒரு 39 இலக்கப் பகா எண்ணின் உள்ளமைப்பு

கேள்வி இது: "170141183460469231731687303715884105727 என்ற 39 இலக்க எண் பகா எண் என்று படித்தேன். இவ்வளவு பெரிய எண்ணை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்து முடிக்க முடியாதே, பிறகு எப்படி அதை உறுதியாகச் சொல்கிறார்கள்? கணினிகூட இல்லாத 1876-லேயே இதை நிரூபித்துவிட்டார்கள் என்பது உண்மையா? பகா எண் என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன சிறப்பு?"

உண்மைதான். கணினிக்கு முந்தைய காலத்தில் மனிதர் கையால் செய்த கணக்குகளில் நான் மிகவும் மதிக்கும் கணக்கு இது. கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் நிரூபணத்தின் சாரத்தையும் நீங்களே பிடித்துக்கொள்ளலாம். பள்ளிக் கணிதத்துக்கு மேல் அதிகம் தேவைப்படாது.

முதலில் அந்த 39 இலக்கங்களை மறந்துவிடுங்கள். அவற்றில் எந்த ஒழுங்கும் தெரியாததற்குக் காரணம் நாம் பத்தின் அடுக்குகளில் எழுதுகிறோம் என்பது மட்டுமே. இதே எண்ணை இரும முறையில் எழுதினால் 127 ஒன்றுகள் வரிசையாக நிற்கும், நடுவில் ஒரு பூஜ்யம்கூட வராது. அதாவது 2-ஐ 127 முறை பெருக்கி, அதிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைப்பது இந்த எண். இனிமேல் இதை "நம் எண்" என்றே சொல்கிறேன். இதோடு 1-ஐக் கூட்டினால் 2¹²⁷. அந்த மேலண்டை எண்ணின் பகாக் காரணிகள் அனைத்தும் நமக்குத் தெரியும், எல்லாமே 2. நம் எண்ணின் சிறப்புகளில் பெரும்பாலானவை அதன் உருவத்திலிருந்து வருவதில்லை, இந்த அண்டை எண்ணிலிருந்து வருகின்றன. இதே அளவுள்ள வேறு பகா எண்கள் எண்ணற்றவை. அவற்றுக்குப் பெயரும் கிடையாது, வரலாறும் கிடையாது.

2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்துப் பெறும் எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் எண்ணும் பகு எண்ணாகிவிடும். எடுத்துக்காட்டாக 2⁶ − 1 = 63 என்பது 2² − 1 = 3 ஆலும் 2³ − 1 = 7 ஆலும் வகுபடும். ஆகவே அடுக்கு பகா எண்ணாக இருந்தே ஆக வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. 11 பகா எண், 2¹¹ − 1 = 2047 என்பதோ 23 × 89. மாரின் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-இல் ஒரு பட்டியல் கொடுத்தார். 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவை மட்டுமே பகா எண் தரும் என்றார். பட்டியலில் 67, 257 இரண்டும் தவறு. 61, 89, 107 மூன்றும் விடுபட்டுவிட்டன. 127 சரி. அவர் காலத்து வழிகளில் அதைச் சோதித்துப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் அந்தப் பட்டியல் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக கணிதர்களை இழுத்துக்கொண்டே இருந்தது. தவறான பட்டியலாக இருந்தும் அது செய்த நன்மை பெரிது.

இனி வகுத்துப் பார்க்கும் வழி எவ்வளவு தூரம் போகும் என்று பார்ப்போம். ஓர் எண் பகு எண்ணாக இருந்தால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு பகாக் காரணி இருக்க வேண்டும். நம் எண்ணின் வர்க்கமூலம் சுமார் 1.3 × 10¹⁹. அதற்குள் இருக்கும் பகா எண்கள் சுமார் 3,000 கோடி கோடி. இங்கேதான் நம் எண்ணின் வடிவம் முதல்முறையாகக் கைகொடுக்கிறது. நம் எண்ணுக்கு க என்ற பகாக் காரணி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2¹²⁷-ஐ க-வால் வகுத்தால் மீதி 1. 127 பகா எண் என்பதால், 2-ஐத் தொடர்ந்து பெருக்கிக்கொண்டே போகும்போது மீதி 1 முதன்முதலில் வருவது சரியாக 127-ஆம் அடுக்கில்தான். மறுபுறம், பெர்மாவின் தேற்றப்படி 2-இன் (க − 1)-ஆம் அடுக்கும் மீதி 1 தரும். எனவே க − 1 என்பது 127-இன் மடங்கு. அது இரட்டை எண்ணும்கூட. ஆக, க என்பது 254-இன் ஏதோ ஒரு மடங்குடன் 1 சேர்ந்தது.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 2¹²⁷-இன் மீதி 1 என்றால் 2¹²⁸-இன் மீதி 2. ஆனால் 2¹²⁸ என்பது 2⁶⁴-இன் வர்க்கம். ஆக, க-வால் வகுத்து மீதியை மட்டும் பார்க்கும் கணக்கில் 2 ஒரு வர்க்க எண். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும் பகா எண்களுக்கு மட்டுமே இது பொருந்தும். இந்த இரண்டு சல்லடைகளிலும் சலித்தால், நம் எண்ணை வகுத்துப் பார்க்கத் தகுதியுள்ள முதல் பகா எண் 2287. அதற்குக் கீழே 3, 7, 11, 13 என்று எதையும் தொட்டே பார்க்க வேண்டியதில்லை. 509 என்ற பகா எண் முதல் சல்லடையைத் தாண்டிவிடும் (254 × 2 + 1), ஆனால் 8-ஆல் வகுத்தால் மீதி 5 வருவதால் இரண்டாவதில் விழுந்துவிடும். 2047-இன் காரணிகளான 23, 89 இரண்டும் இந்த விதிக்கு எப்படி அடங்குகின்றன என்று நீங்களே சரிபார்த்துப் பாருங்கள். அங்கே 254-க்குப் பதில் 22.

ஆய்லர் 2³¹ − 1 = 2147483647 பகா எண் என்று காட்டியது இந்த வழியில்தான். அந்த முடிவு 1772-இல் வெளிவந்தது. 46,340 வரையுள்ள பகா எண்களில் 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வருபவற்றை மட்டும் எடுத்து வகுத்தால் போதும் என்ற நிலைக்கு அவர் கணக்கைச் சுருக்கினார். ஒரு மனிதர் உட்கார்ந்து முடிக்கக்கூடிய வேலை அது. நம் எண்ணுக்கு இது போதாது. சலித்த பிறகும் சுமார் 12 கோடி கோடி பகா எண்கள் எஞ்சுகின்றன. நொடிக்கு ஒன்று வகுத்தாலும் 3.8 கோடி ஆண்டுகள் ஆகும். காரணியைத் தேடுகிற வழியையே கைவிட்டால்தான் மேலே போக முடியும்.

அப்படிக் கைவிட்டவர் எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர். பிபனாச்சித் தொடரை ஆராய்ந்து அதற்குப் பிபனாச்சியின் பெயரைச் சூட்டியவர் அவர். ஹனோய் கோபுரம் என்ற வட்டுப் புதிரை 1883-இல் வெளியிட்டவரும் அவர்தான். (அந்தப் புதிரை 127 வட்டுகளுடன் ஆடினால் குறைந்தது எத்தனை நகர்வுகள் தேவை என்று கணக்கிட்டுப் பாருங்கள். விடை சரியாக நம் எண்.) லூக்கா 1876-இல் கண்டுபிடித்த சோதனையை 1930-இல் அமெரிக்கரான டெரிக் ஹென்றி லேமர் செம்மைப்படுத்தினார். இன்று நாம் பயன்படுத்தும் வடிவம் அதுதான். சொல்வதற்கு மிக எளிது. 4-இல் தொடங்குங்கள். அதை வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். கிடைத்ததை மீண்டும் வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். எண் பெருத்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு படியிலும் சோதிக்கப்படும் மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளின் முடிவில் மீதி 0 வந்தால் அது பகா எண். வராவிட்டால் பகு எண்.

சிறிய எடுத்துக்காட்டு ஒன்று. 2⁷ − 1 = 127-ஐச் சோதிப்போம், 5 படிகள் தேவை. 4-இலிருந்து 14. அதிலிருந்து 194, 127-ஆல் வகுத்தால் மீதி 67. 67-இன் வர்க்கத்தில் 2-ஐக் கழித்தால் 4487, மீதி 42. 42-இலிருந்து 1762, மீதி 111. 111-இலிருந்து 12319. அது சரியாக 127 × 97, மீதி 0. ஐந்தாம் படியில் பூஜ்யம், ஆகவே 127 பகா எண். இதையே 2047-க்குச் செய்து பார்த்தால் 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282 என்று போய் ஒன்பதாம் படியில் 1736 வரும். பூஜ்யம் வரவில்லை, ஆகவே 2047 பகு எண். அதன் காரணிகள் 23, 89 என்பதைப் பற்றி இந்தக் கணக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கடைசிச் செய்தி எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. 2⁶⁷ − 1 பகு எண் என்று லூக்கா 1876-லேயே காட்டிவிட்டார், ஆனால் அதன் ஒரு காரணிகூட யாருக்கும் தெரியாது. 1903-இல்தான் பிராங்க் நெல்சன் கோல் என்ற அமெரிக்கர் 193707721 × 761838257287 என்று அதைப் பிரித்துக் காட்டினார். ஓர் எண் உடையும் என்று அறிவதும், எங்கே உடையும் என்று அறிவதும் முற்றிலும் வேறான இரண்டு வேலைகள். பின்னாளில் மறையீட்டியலின் (செய்திகளை இரகசியமாக்கும் கலையின்) முக்கியமான ஒரு பகுதி இந்த வேறுபாட்டின் மேல்தான் கட்டப்பட்டது.

சரி, 125 முறை வர்க்கப்படுத்தினால் எப்படி ஒரு நிரூபணம் கிடைக்கிறது? இதை மந்திரம்போல ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. 2 + √3, 2 − √3 என்ற இரண்டு எண்களை எடுங்கள். கூட்டினால் 4, பெருக்கினால் 1. இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் 4² − 2 = 14. மீண்டும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 14² − 2 = 194. ஆக, நம் வரிசையின் உறுப்புகள் இந்த இரு எண்களின் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும் அடுக்குகளின் கூட்டல்தான். 125 படிகளுக்குப் பிறகு மீதி 0 என்றால், மீதிகளின் கணக்கில் 2 + √3-இன் 2¹²⁶-ஆம் அடுக்கு −1 ஆகிறது என்று பொருள். இன்னும் ஒரு முறை வர்க்கப்படுத்தினால் 1. ஆகவே 2 + √3-ஐ மீண்டும் மீண்டும் தன்னாலேயே பெருக்கிக்கொண்டு போனால், சரியாக 2¹²⁷ வெவ்வேறு மதிப்புகளைத் தாண்டிய பிறகுதான் அது தொடங்கிய இடத்துக்கு வரும்.

இப்போது நம் எண் பகு எண் என்றே வைத்துக்கொள்வோம். அதன் மிகச் சிறிய பகாக் காரணி க என்றால், க-வின் வர்க்கம் நம் எண்ணைத் தாண்டாது. க-வால் வகுத்து மீதிகளை மட்டும் பார்க்கும் கணக்கில், ஒரு முழு எண்ணும் √3-இன் ஒரு மடங்கும் சேர்ந்த வடிவங்கள் மொத்தம் க² மட்டுமே. பூஜ்யத்தை விட்டுவிட்டால் க² − 1. நம் சுற்றில் வர வேண்டிய 2¹²⁷ மதிப்புகளும் இதற்குள் அடங்க வேண்டும். ஆனால் 2¹²⁷ என்பது நம் எண்ணைவிட ஒன்று அதிகம், க² − 1 என்பதோ நம் எண்ணைவிடக் குறைவு. அடங்க வழியே இல்லை. ஆகவே க என்ற காரணியும் இல்லை. நிரூபணம் இவ்வளவுதான். பகா எண்ணாக இருந்தால் மீதி 0 வந்தே தீரும் என்ற எதிர்த்திசைக்கு மட்டும் எந்தப் பகா எண்ணின் மீதிகளில் எந்த எண் வர்க்கமாகும் என்று சொல்லும் காஸின் தேற்றம் (இருபடித் தலைகீழ்மை) தேவை. அதை இங்கே விரிக்கவில்லை. மேலே சொன்ன வாதத்தில் அந்த மேலண்டை எண் எங்கே வேலை செய்தது என்று பார்த்தீர்களா? சுற்றின் நீளம் 2-இன் அடுக்காக இருந்ததால்தான் வெறும் வர்க்கங்களைக் கொண்டே அதை அளக்க முடிந்தது.

லூக்காவின் அசல் கணக்கு 4-இல் தொடங்கவில்லை. அடுக்கை 4-ஆல் வகுத்தால் மீதி 3 வருமானால், 3-இல் தொடங்கி 3, 7, 47, 2207 என்று போனாலும் சோதனை செல்லும். 127 அப்படிப்பட்ட அடுக்கு. அந்த வரிசை பிபனாச்சித் தொடரின் உடன்பிறப்பான தொடரிலிருந்து வருவது. அத்தொடர் இன்று லூக்காவின் பெயராலேயே வழங்குகிறது.

அடுத்து, கையால் இதை எப்படிச் செய்ய முடியும் என்ற கேள்வி. 39 இலக்க எண்ணை வர்க்கப்படுத்தினால் 77 இலக்கம் வரை வரும். அதை மீண்டும் 39 இலக்க எண்ணால் வகுக்க வேண்டும், அதுவும் 125 முறை. பதின்ம முறையில் இது கொடுமையான வேலை. இரும முறையில் வகுத்தலே மறைந்துவிடுகிறது. நம் எண்ணால் வகுக்கும்போது 2¹²⁷-இன் மீதி 1. அதனால் 127 இடங்களுக்கு மேல் வழியும் பகுதியை அப்படியே எடுத்துக் கீழ்ப்பகுதியோடு கூட்டிவிட்டால் மீதி கிடைத்துவிடும். 2-ஆல் பெருக்குவது என்றால் எல்லா இலக்கங்களையும் ஓரிடம் நகர்த்துவது. இடக்கோடியில் வெளியே விழும் 1 வலக்கோடியில் உள்ளே வந்துவிடும். லூக்கா இந்தக் கணக்கை 127 × 127 கட்டங்கள் கொண்ட சதுரங்கப் பலகையில் ஆடும் ஆட்டமாக விவரித்தார். கட்டத்தில் காய் இருந்தால் 1, காலியாக இருந்தால் 0. வர்க்கப்படுத்த வேண்டிய எண்ணை, அதில் 1 உள்ள இடங்களுக்கான வரிசைகளில் மட்டும், வரிசைக்கு ஓரிடம் நகர்த்தி அடுக்க வேண்டும். பிறகு ஒரே நெடுவரிசையில் இரண்டு காய்கள் இருந்தால் அவற்றை எடுத்துவிட்டு, இடப்பக்கத்து நெடுவரிசையில் ஒரு காய் வைக்க வேண்டும். இப்படியே கடைசியில் ஒரே வரிசை மிஞ்சும் வரை போக வேண்டும். அதிலிருந்து 2-ஐக் கழித்தால் ஒரு படி முடியும். ஒரு படிக்கு 127 × 127 கட்டங்கள் என்று கொண்டால், 125 படிகளுக்கும் சேர்த்துச் சுமார் 20 லட்சம் சிறு செயல்கள். மேலே சொன்ன 12 கோடி கோடி வகுத்தல்களோடு இதை ஒப்பிடுங்கள். அடுக்கி நகர்த்தும் பெருக்கல், வழிவதைச் சுற்றிக் கூட்டும் மீதி, இரும முறை என்று இதில் உள்ள எல்லாமே பின்னாளில் கணினிகள் செய்தவை. லூக்கா அவற்றை மரப்பலகையில் எண்ணிப் பார்த்தார்.

நம் எண் 1876 முதல் 1951 வரை, முக்கால் நூற்றாண்டு, அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண்ணாக நின்றது. 1951-இல் பெரியே என்ற பிரெஞ்சுக்காரர் மேசைக் கணக்கிடும் பொறியின் உதவியோடு (2¹⁴⁸ + 1) ÷ 17 என்ற 44 இலக்க எண் பகா எண் என்று காட்டினார். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினியில் மில்லரும் வீலரும் 79 இலக்கத்துக்குத் தாவினார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த எண்ணைப் பாருங்கள்: நம் எண்ணின் வர்க்கத்தை 180-ஆல் பெருக்கி 1 கூட்டியது. இது தற்செயல் அன்று. ஓர் எண்ணின் கீழண்டை எண்ணைப் பகாக் காரணிகளாக முழுவதும் பிரிக்கத் தெரிந்தால், அந்த எண் பகா எண்ணா என்று நிரூபிப்பது எளிது. நம் எண் பகா எண் என்று முன்பே தெரிந்திருந்ததால், புதிய எண்ணின் கீழண்டை எண் முழுவதும் பிரிந்து கிடந்தது. பட்டத்தைப் பறித்த எண்ணின் சான்றுக்குள்ளேயே பழைய எண் இருக்கிறது. 1952 ஜனவரியில் ராபின்சன் எழுதிய நிரல், லூக்கா-லேமர் சோதனையைக் கொண்டு 2⁵²¹ − 1, 2⁶⁰⁷ − 1 இரண்டையும் ஒரே நாளில் கண்டுபிடித்தது. இன்று நமக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண் 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. அதற்கு 4,10,24,320 இலக்கங்கள்.

இனி அக்கம்பக்கத்து எண்களைச் சுற்றிப் பார்ப்போம். நம் எண்ணின் கீழண்டை எண் 2¹²⁷ − 2. இது 2-ஐ 2¹²⁶ − 1-ஆல் பெருக்கியது. 126-க்கு வகுஎண்கள் பல என்பதால் இது சுக்குநூறாக உடைகிறது: 2 × 3³ × 7² × 19 × 43 × 73 × 127 × 337 × 5419 × 92737 × 649657 × 77158673929. ஆக மேலண்டை, கீழண்டை இரண்டுமே ஒளிவுமறைவின்றித் திறந்து கிடக்கின்றன. இவ்வளவு பெரிய பகா எண்ணுக்கு இது அரிது. இன்னும் ஓரிடம் தள்ளிப் போனால், இரண்டு குறைந்த எண் 725 என்று முடிவதால் 5-ஆல் வகுபடும். இரண்டு கூடிய எண் 2¹²⁷ + 1, அது 3-ஆல் வகுபடும். எனவே நம் எண்ணுக்கு இரட்டைப் பகா எண் துணை (2 வித்தியாசத்தில் நிற்கும் இன்னொரு பகா எண்) கிடையாது. ஆனால் அந்த 2¹²⁷ + 1-ஐ 3-ஆல் வகுத்தால் வரும் 56713727820156410577229101238628035243 என்பதும் ஒரு பகா எண். சிறிய அடுக்குகளில் இப்படி இரண்டும் ஒருசேரப் பகா எண்ணாவது அடிக்கடி நடக்கிறது (7-க்கு 127, 43 என்று கிடைக்கும்). 127-க்கு மேல் இரண்டும் சேர்ந்து வரும் அடுக்கு எதுவும் அறியப்படவில்லை.

"பெரிய பகா எண்களால்தான் வங்கிக் கணக்குகள் பாதுகாக்கப்படுகின்றன, இந்த எண்ணும் அப்படித்தானே" என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஆர்எஸ்ஏ (RSA) போன்ற மறையீட்டு முறைகளில் பகா எண் இரகசியமாக இருக்க வேண்டும். ஊரறிந்த எண்ணால் அங்கே பயனில்லை. பகா எண்ணை வெளிப்படையாக வைத்து, அதன் மீதிகளில் அடுக்கை ஒளித்து வைக்கும் முறை ஒன்று உண்டு. அதற்கும் நம் எண் சற்றும் பொருந்தாது. மேலே கண்ட காரணிப் பட்டியலே காரணம். போலிக், ஹெல்மேன் இருவரும் 1978-இல் காட்டிய வழியில், ஒளித்து வைத்த அடுக்கை ஒவ்வொரு காரணிக்கும் தனித்தனியே கண்டுபிடித்துச் சேர்த்துவிடலாம். மிகப் பெரிய காரணியான 77158673929-க்கே அதன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது மூன்று லட்சத்துக்கும் குறைவான படிகளின் ஒரு சிறு மடங்கு போதும். 39 இலக்கம் என்ற உருவத்தைப் பார்த்து வலிமையை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

வேறு இடங்களில் இது நன்றாகவே உழைக்கிறது. வகுத்தல் இல்லாமல் மீதி கிடைக்கிறது என்ற அதே பண்பு கணினியில் பெரும் வேகத்தைத் தருகிறது. மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஃபோர்க்யூ (FourQ) என்ற, வளைவு ஒன்றின் புள்ளிகளைக் கொண்டு கணக்கிடும் நீள்வளைவு மறையீட்டு முறை நம் எண்ணின் மீதிகளின் மேல் கட்டப்பட்டது. அங்கே பாதுகாப்பை முடிவு செய்வது வளைவின் புள்ளிகளின் எண்ணிக்கை. நம் எண்ணின் கீழண்டை உடைந்து கிடப்பதால் கேடில்லை. மேலும் இந்த எண்ணை 4-ஆல் வகுத்தால் மீதி 3 என்பதால், இதன் மீதிகளில் வர்க்கமூலம் காண்பதும் அழகான வேலை. ஒரு மீதிக்கு வர்க்கமூலம் உண்டு என்றால், அதை 125 முறை தொடர்ந்து வர்க்கப்படுத்தினாலே வர்க்கமூலம் வந்து நிற்கும். வர்க்கப்படுத்திக்கொண்டே முன்னே போய் வர்க்கமூலத்தை அடைவது முதலில் நம்ப முடியாததாகத் தோன்றலாம். ஆனால் வர்க்கமூலம் உள்ள மீதி எதையும் 126 முறை வர்க்கப்படுத்தினால் அதுவே திரும்பி வந்துவிடும் என்பதால் அப்படித்தான் நடக்கும். 2-இன் வர்க்கமூலத்தை மேலேயே பார்த்துவிட்டோம், அது 2⁶⁴.

பகா எண் என்பது நேரடியாகவே பயன் தரும் ஓரிடத்தையும் சொல்ல வேண்டும். 127 இருமங்களை (0 அல்லது 1) வரிசையாக வைத்து ஒவ்வொரு முறையும் ஓரிடம் நகர்த்தும் நகர்வுப் பதிவகம் ஒன்றை எடுத்து, குறிப்பிட்ட இரண்டு இடங்களைக் கூட்டி மறுமுனையில் செலுத்திக்கொண்டே இருந்தால், பூஜ்யமும் ஒன்றுமாக ஒரு நீண்ட ஓட்டம் கிடைக்கும். அதன் பின்னுள்ள பல்லுறுப்புக் கோவை (அடுக்கு 127, அடுக்கு 1, மாறிலி 1 ஆகிய மூன்று உறுப்புகள் மட்டும் கொண்டது போதும்) பிரிக்க முடியாததாக இருந்தால், சுற்றின் நீளம் நம் எண்ணின் ஒரு வகுஎண்ணாக இருக்க வேண்டும். நம் எண்ணுக்கோ 1-உம் தானும் தவிர வகுஎண் கிடையாது. ஆகவே எந்த நிலையில் தொடங்கினாலும், எல்லாம் பூஜ்யமாக இல்லாத வரை, சுற்று முழு நீளம் போயே தீரும். நொடிக்கு 100 கோடி இருமங்கள் வந்தாலும் ஒரு சுற்று முடிய 5 கோடி கோடி கோடி ஆண்டுகளுக்கு மேலாகும்.

செவ்விய எண்களோடு உள்ள உறவு பழையது, சுருக்கமாகச் சொல்கிறேன். தன்னைத் தவிர்த்த வகுஎண்களின் கூட்டல் தானேயாக இருக்கும் எண் செவ்விய எண்: 6 = 1 + 2 + 3. மெர்சென் பகா எண் ஒவ்வொன்றும் ஒரு செவ்விய எண்ணைத் தரும் என்று யூக்ளிட் காட்டினார். இரட்டைப்படைச் செவ்விய எண்கள் எல்லாம் அப்படி வந்தவையே என்று ஆய்லர் காட்டினார். நம் எண் பன்னிரண்டாவது மெர்சென் பகா எண். அதை 2¹²⁶-ஆல் பெருக்கினால் பன்னிரண்டாவது இரட்டைப்படைச் செவ்விய எண் கிடைக்கும், 77 இலக்கம்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த பண்பு. 2-இல் தொடங்குங்கள். 2² − 1 = 3, பகா எண். 2³ − 1 = 7, பகா எண். 2⁷ − 1 = 127, பகா எண். 2¹²⁷ − 1, நம் எண், பகா எண். ஒவ்வொன்றும் அடுத்ததற்கு அடுக்காகிறது, ஐந்தும் பகா எண்கள். இந்தத் தொடரை யூஜின் காட்டலன் லூக்காவின் கண்டுபிடிப்பை ஒட்டி 1876-இல் எடுத்துக்காட்டினார். இப்படியே எல்லை இல்லாமல் போகுமா என்பது இன்றுவரை திறந்த கேள்வி. சிறிய எண்களில் பகா எண்கள் அடர்த்தி என்பதால் தொடக்கத்தில் இப்படி அமைந்தது தற்செயலாகவே இருக்கலாம், அடுத்தது பகு எண் என்பதே என் எண்ணம். ஆனால் அதைச் சோதிக்க வழியில்லை. நம் எண்ணையே அடுக்காகக் கொண்ட அந்த அடுத்த எண்ணுக்குச் சுமார் 5 × 10³⁷ இலக்கங்கள் இருக்கும். லூக்கா-லேமர் சோதனை வேண்டுமென்றால் அதை எழுதி வைத்தாக வேண்டும், அதற்கு எந்தக் கணினியிலும் இடமில்லை. எஞ்சியிருப்பது ஆய்லரின் பழைய வழி ஒன்றுதான். அதன் காரணி எதுவாக இருந்தாலும், நம் எண்ணின் இரட்டிப்பின் ஏதோ ஒரு மடங்குடன் 1 சேர்ந்ததாக இருக்க வேண்டும், 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். அப்படிப்பட்ட எண்களை ஒவ்வொன்றாக எடுத்து வகுத்துப் பார்க்கிறார்கள், இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. ஒன்று அகப்பட்டால் காட்டலனின் தொடர் அங்கேயே முறியும். அகப்படாமலே போனால், அந்த எண் பகா எண் என்று நிரூபிக்க இன்றைக்கு நம்மிடம் இருக்கும் எந்த முறையும் உதவாது.